பழைய பெயரில் ஒரு பட்டம்

1

சென்ற வெள்ளிக்கிழமை ஆசிரியர் அறையில் எனக்காகக் கேக் வெட்டினார்கள். மெல்பேர்னில் இந்தப் பள்ளிக்கூடத்தில் நான் இரசாயனம் படிப்பிக்கத் தொடங்கி ஒரு வருடம் முடிந்துவிட்டதாம். தலைமை ஆசிரியர் என் பெயரைத் தட்டித் தடவிச் சொல்லத் தொடங்கி, பாதியில் கைவிட்டு, "நொட் டூ பாட்" என்றார். மோசமில்லை என்று ஒருவர் சொன்னால் மிகவும் திறம் என்று இந்த நாட்டில் எடுத்துக்கொள்ள வேண்டும். வந்த புதிதில் யாரோ இப்படிச் சொன்னதற்கு நான் குளியலறையைப் பூட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். இப்போது பழகிவிட்டது. எல்லோருக்கும் நன்றி சொன்னேன். கேக்கை மட்டும் வாயில் வைக்கவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்த கல்லூரியின் பெயரைக் கைவிட்டதால்தான் இந்த வேலை எனக்குக் கிடைத்தது. கைவிட மாட்டேன் என்று என் சிநேகிதி எஸ்தருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். பிறகு அவளுக்குத் தெரியாமல் கைவிட்டேன். அன்றுவரை அவளுக்குச் சொல்லவும் இல்லை. இனியும் சொல்லாமல் இருந்தால் நான் ஒரு மனிசியே இல்லை என்று அந்தக் கேக்குத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது பட்டது.

வெளிநாட்டுக் குறிப்பு என்றால் கங்காரு, கடற்கரை என்று ஏதாவது எதிர்பார்ப்பீர்கள். கங்காருவை நான் இன்னும் மிருகக்காட்சிச்சாலையில்தான் பார்த்திருக்கிறேன். எழுத வந்தது ஒரு கல்லூரியைப் பற்றி. அமெரிக்காவின் தென்பகுதியில் கறுப்பு மக்களுக்காக இருந்த கல்லூரி அது. அதன் பெயரை இங்கே எழுதவில்லை. எழுத எனக்கு இனி உரிமை உண்டோ தெரியாது.

2

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்கு ஒரு புகைப்படம்தான் காரணம். யாழ்ப்பாணத்தில் நான் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தில் ஓர் அமெரிக்க மிஸ் இருந்தா. நான் விஞ்ஞானத்தில் கெட்டிக்காரி என்று, தன் சொந்த மாநிலத்துப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு எழுதி எனக்கு இடம் கேட்டா. தருகிறோம், படம் அனுப்புங்கள் என்று பதில் வந்தது. அனுப்பினோம். அடுத்த தபாலில் இடமில்லை என்று எழுதியிருந்தார்கள். அது வெள்ளையருக்கு மட்டுமான இடம் என்பதை என்னிடம் சொல்ல மிஸ்ஸுக்கு வாய் வரவில்லை. பாவம், தலையிடி என்று போய்ப் படுத்துவிட்டா. பிறகு அதே மாநிலத்தில் இருந்த கறுப்பர் கல்லூரிக்கு எழுதினா. அவர்கள் படம் கேட்கவில்லை.

எஸ்தர் அங்கே என் அறைத்தோழி. நெடுத்த கறுப்புப் பெண். சிரித்தால் அடுத்த கட்டடத்துக்குக் கேட்கும். போன புதிதில் இரண்டு பேரும் பஸ்ஸில் பட்டணத்துக்குப் புறப்பட்டோம். கறுப்பர் பின்னுக்குத்தான் இருக்க வேண்டும் என்று அங்கே சட்டம். அவள் பின்னுக்குப் போனாள், நானும் பின்னுக்குப் போனேன். சாரதி பஸ்ஸை நிறுத்திவிட்டு எழும்பி வந்து, சேலை கட்டிய வெளிநாட்டுக்காரி முன்னுக்குத்தான் இருக்க வேண்டும், அதுதான் ஒழுங்கு என்று எனக்கு மரியாதையாகச் சொன்னான். வந்த கோபத்தில் அவனைத் தமிழிலேயே ஏசினேன். இருவரும் இறங்கி நடந்தோம். நான் ஏசியதற்கெல்லாம் அர்த்தம் கேட்டு எஸ்தர் வழிநெடுகச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

கல்லூரியின் வரலாற்றை எங்களுக்கு யாரும் வகுப்பில் சொல்லித் தரவில்லை. சாப்பாட்டு மேசையில் கேட்டே பாடமாகிவிட்டது. அடிமை முறை இருந்த காலத்தில் அந்த மாநிலத்தில் அடிமைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது குற்றம். உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை வந்ததும், பட்டாளம் விட்டுவிட்டுப் போன குதிரை லாயத்தில் முதல் வகுப்புத் தொடங்கியது. படிப்பிக்க வந்தவள் ஒரு வெள்ளைக்கார வீட்டுச் சமையல்காரி. அந்த வீட்டுப் பிள்ளைகள் பாடம் சொல்வதைக் குசினிக்குள் நின்று கேட்டே எழுத்தறிந்தவள். தலை நரைத்தவர்களும் பால்பல் விழாத பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து எழுத்துக் கூட்டினார்களாம். பிறகு மாணவர்களே கல் அறுத்து, சூளை வைத்து, கட்டடம் கட்டினார்கள். எங்கள் விடுதிச் சுவரில் சில செங்கற்களில் அந்தக் காலத்து விரல் அடையாளம் இருந்தது.

வெள்ளையருக்குக் கல்லூரி நடத்த மத்திய அரசின் உதவி வேண்டுமென்றால் கறுப்பருக்கும் ஒன்று காட்ட வேண்டும் என்று பின்னால் சட்டம் வந்தது. மாநில அரசு இந்தக் கல்லூரியைக் காட்டியது. காட்டிய கையோடு ஒரு நிபந்தனையும் போட்டது. இங்கே கைத்தொழில் மட்டும் படிப்பிக்கலாம்: தோட்டம், தச்சு, சமையல், சோப்புக் காய்ச்சுவது. கறுப்பனுக்கு இலத்தீன் எதற்கு, இரசாயனம் எதற்கு?

ஆசிரியர்கள் சரி என்று தலையாட்டினார்கள். பிறகு இரசாயனத்துக்குச் 'சோப்பும் கொழுப்பும்' என்று பெயர் வைத்துப் படிப்பித்தார்கள். பகுப்பாய்வுக்கு 'வீட்டுத் தண்ணீர்' என்று பெயர். பௌதிகம் 'பண்ணை இயந்திரங்கள்' ஆனது. சட்டசபைக்காரர் பார்வையிட வந்தால் புத்தகங்கள் சோப்புச் சட்டிகளுக்குப் பின்னால் போய்விடும், பிள்ளைகள் ஏப்ரன் கட்டிக்கொண்டு கிண்டுவார்கள். வந்த பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு சோப்புக் கட்டியை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பிப் போவார்கள்.

நான் படித்த காலத்தில் அந்த நிபந்தனை எப்போதோ போய்விட்டது. ஆனாலும் பாடங்களின் பெயரை மாற்ற ஒருவருக்கும் மனம் வரவில்லை. எங்களுக்கு அது பெருமை. ஆண்டு விழாவில் அந்தக் கதையையே நாடகமாகப் போடுவார்கள். ஒருமுறை சட்டசபை உறுப்பினராக நடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான்! முகத்தில் கோதுமை மா பூசி, வயிற்றில் தலையணை கட்டி, தொப்பியோடு மேடையேறினேன். ஆசிரியையாக வந்த எஸ்தர் என் முன்னால் பவ்வியமாகக் குனிந்து சோப்பை நீட்டினாள். மண்டபமே சிரிப்பில் அதிர்ந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு.

3

வெள்ளையருக்கு மட்டும் என்ற கொள்கையை அவுஸ்திரேலியா கைவிட்ட கையோடு நாங்கள் வந்து இறங்கினோம். இவர், என் வீட்டுக்காரர், எஞ்சினியர். இவருடைய கொழும்புப் பட்டத்தை ஒரு கேள்வியும் இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். நான் ஊரில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் இரசாயனம் படிப்பித்தவள், எனக்கு என்ன குறை என்று நினைத்துக்கொண்டு, தகைமை பார்க்கும் அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கிருந்த அதிகாரி மிகவும் பண்பான மனிதர். கதிரையை இழுத்து விட்டார், தேநீர் வேண்டுமா என்று கேட்டார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பாடங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். சோப்பும் கொழுப்பும். வீட்டுத் தண்ணீர். பண்ணை இயந்திரங்கள். வாசித்து முடித்ததும், நான் மனையியல் படித்திருப்பதாகச் சொன்னார். பெண்பிள்ளைகளுக்குச் சமையல் பழக்கும் வேலைக்கு விண்ணப்பிக்கலாமாம்.

நான் குதிரை லாயத்திலிருந்து தொடங்கி முழுக் கதையையும் சொன்னேன். மனுஷன் பொறுமையாகத் தலையாட்டினார். கடைசியில், மிகவும் சுவையான வரலாறு, இதற்கு எழுத்தில் ஏதாவது அத்தாட்சி உண்டா என்று கேட்டார். ஒளித்து வைத்ததற்கு அத்தாட்சி கேட்டால் எங்கே போவது? அப்படி ஓர் அத்தாட்சி இருந்திருந்தால் அந்தக் காலத்திலேயே கல்லூரியை இழுத்து மூடியிருப்பார்களே.

எஸ்தருக்கு எழுதினேன். அவள் அந்தக் கல்லூரி அலுவலகத்திலேயே வேலை செய்கிறாள். சோப்பும் கொழுப்பும் என்றால் சேதன இரசாயனம், அதாவது ஓர்கானிக் கெமிஸ்ற்றிதான் என்று கல்லூரித் தலைவரிடம் கடிதம் வாங்கி அனுப்பினாள். அதிகாரி அதையும் கவனமாக வாசித்தார். கல்லூரியே தங்கள் பட்டியலில் இல்லையாம். பட்டியலில் இல்லாத கல்லூரி தன்னைப் பற்றித் தானே சொல்லும் சாட்சி செல்லாதாம். தான் வருந்துவதாகச் சொன்னார். உண்மையாகவே வருந்தினார் போலத்தான் இருந்தது. கத்துகிற அதிகாரி என்றால் திருப்பிக் கத்திவிட்டாவது வந்திருக்கலாம்.

அதன் பிறகு மெல்பேர்னின் ஓரத்தில் இருக்கும் டண்டினொங்கில், பீன்ஸைத் தக்காளிச் சாற்றோடு டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் சேர்ந்தேன். ஓடும் பட்டியின் பக்கத்தில் நின்று நசுங்கிய டின்களைப் பொறுக்கி எறிவது வேலை. இரண்டு பக்கமும் இத்தாலிய, கிரேக்கப் பெண்கள். ஆளுக்கு ஆள் பாஷை விளங்காவிட்டாலும், மேற்பார்வையாளரைத் திட்டும்போது எல்லோருக்கும் எல்லாம் விளங்கும். விடியற்காலை ரெயினில் போய் மாலையில் வந்தால், எவ்வளவு குளித்தாலும் தலைமயிரில் தக்காளிச் சாறு மணக்கும். என் மகள் வதனிக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஓடி வந்து கட்டிப்பிடிக்கிற பிள்ளை, மெல்ல மெல்ல அதை நிறுத்திவிட்டாள். கேட்டதற்கு, "யூ ஸ்மெல், அம்மா" என்றாள்.

இதை நான் ஊரில் யாருக்கும் எழுதவில்லை. எஸ்தருக்கும் எழுதவில்லை. வீட்டில் சும்மா இருக்க அலுப்பாக இருக்கிறது, அதனால்தான் பள்ளிக்கூடம் தேடுகிறேன் என்று எழுதியிருந்தேன்.

4

தமிழர் என்று நாங்கள் அப்போது மெல்பேர்னில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பொங்கலுக்கு ஒருவர் வீட்டில் கூடினோம். அங்கே சிவப்பிரகாசம் என்று ஒரு பெரியவர், எங்களுக்கு முன்னரே வந்து நல்ல உத்தியோகத்தில் இருப்பவர், வழக்கம் போல எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று விசாரணையை ஆரம்பித்தார். எங்கள் ஆட்களுக்கு இந்த இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்தால்தான் தட்டில் சாப்பாடு போடக் கை வரும். நான் கல்லூரியின் பெயரைச் சொன்னேன்.

அவர் குரலைத் தணித்துக்கொண்டு, "அது காப்பிலியளின்ர பள்ளிக்கூடமெல்லே, தங்கச்சி? அதை ஏன் வெளியில சொல்லுறியள்?" என்றார். நாங்கள் கறுப்பில்லை, மாநிறம் என்பதை இப்போதுதான் பாடுபட்டு வெள்ளைக்காரருக்கு விளங்கவைத்திருக்கிறோமாம். நான் சும்மா அமெரிக்கா என்று சொன்னால் போதுமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணை, என்ர படத்தைப் பாராமல் எனக்கு இடம் தந்தது அந்த ஒரு இடம்தான்" என்றேன். வீட்டுக்காரி அவசரமாக வடைத் தட்டை நீட்டினா. திரும்பி வரும்போது காரை இவர் ஓட்டினார். பின் சீற்றிலிருந்த வதனி, நாங்கள் கறுப்பா இல்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

5

அடுத்த வருடம் எஸ்தரிடமிருந்து கடிதம் வந்தது. மாநில அரசு எங்கள் கல்லூரியை அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தோடு சேர்க்கப் போகிறதாம். என் படத்தைப் பார்த்து இடமில்லை என்ற அதே பல்கலைக்கழகம். இனிக் கறுப்பர் வெள்ளையர் என்ற பேதம் கிடையாதாம், ஆகவே பழைய பெயரும் தேவையில்லையாம். பழைய மாணவர்கள் விரும்பினால் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே புதிய பட்டச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். பாடங்களின் பெயர்களையும் நவீனமாக மாற்றித் தருவார்கள்.

பழைய பெயரைக் காப்பாற்றச் சொல்லி எஸ்தர் ஒரு மனு எழுதியிருந்தாள். கையெழுத்துப் போட்டு அனுப்பு, அதைவிட முக்கியம் புதிய சான்றிதழை வாங்காதே என்று கேட்டிருந்தாள். எவ்வளவு பேர் வாங்குகிறார்கள் என்று எண்ணிப் பார்த்து, கறுப்பர்களே பழைய பெயரை விரும்பவில்லை என்று சட்டசபையில் சொல்லப் போகிறார்களாம். நான் அன்றைக்கே கையெழுத்துப் போட்டேன். வாங்க மாட்டேன் என்று கீழே ஒரு வரியும் எழுதினேன். தபாலில் சேர்த்துவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனபோது, எனக்கு ஒரு முதுகெலும்பு இருப்பது போல இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் இவருடைய கொம்பனியில் ஆட்களைக் குறைத்தார்கள். குறைத்தவர்களில் இவரும் ஒருவர். ஓவர்ரைம் எடுத்து எடுத்து என் முழங்கால்கள் வீங்கின. இவர் வேலை தேடிப் போன இடங்களில் எல்லாம் மிகப் பண்பாக வழியனுப்பி வைத்தார்கள். ஒருநாள் இவர் குசினிக்குள் வந்து என் பக்கத்தில் நின்றார்.

"இஞ்ச பாரும், படிச்சது நீர்தானே. பேரை அவங்கள் என்னவெண்டாலும் வைச்சுக்கொள்ளட்டும். நீர் படிச்ச படிப்பு மாறிப்போகுமே?"

நான் அடுப்பிலிருந்த கறியைக் கிண்டினேன். முன் அறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்த வதனி தலையைத் திருப்பாமலே, "ஜஸ்ட் டேக் இற், அம்மா. நோபடி கெயார்ஸ்" என்றாள்.

விண்ணப்பத்தை நான் கல்லூரிக்கு அனுப்பவில்லை. எஸ்தரின் கண்ணில் பட்டுவிடும் என்று பயந்து, மாநிலத் தலைநகரிலிருந்த பல்கலைக்கழகத் தலைமை அலுவலகத்துக்கு நேரே அனுப்பினேன். சான்றிதழ் வந்தது. தடித்த தாள், பொன் எழுத்து. சேதன இரசாயனம், பண்பறி பகுப்பாய்வு, பொதுப் பௌதிகம் என்று நவீனமாக அச்சிட்டிருந்தார்கள். அதே பண்பான அதிகாரி அதே கண்ணாடியோடு வாசித்தார். முகம் மலர்ந்து, "இதை முதலிலேயே கொண்டு வந்திருக்கலாமே" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவருக்கு முன்னால் நான் சிரித்தேன். நன்றி என்றும் சொன்னேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

6

பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்த பிறகு இவர் அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு முன் அறையில் மாட்டினார். கழற்றுங்கோ என்றேன், கேட்கவில்லை. வதனி தன் சிநேகிதிகளைக் கூட்டிக்கொண்டு வந்து, என் அம்மா படித்த இடம் என்று காட்டினாள். அதற்கு முன் நான் எங்கே படித்தேன் என்று அவள் யாருக்கும் சொன்னதில்லை. ஒருநாள் அவளை இருத்தி, சோப்புக் கதையை முழுதாகச் சொன்னேன். நாடகத்தில் முகத்தில் மா பூசிய இடத்திலாவது சிரிப்பாள் என்று பார்த்தேன். "தற்ஸ் ஸோ ஸாட்" என்று பரிதாபப்பட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சுவரில் இருக்கும் பெயர்தான். பிள்ளையைக் குற்றம் சொல்ல என்னிடம் வாயில்லை.

டிசம்பரில், நத்தாருக்கு எஸ்தரின் வாழ்த்து மட்டை வழக்கம் போல வந்தது. பெயர் மாறிவிட்டது, வாசலில் இருந்த பழைய பலகையைக் கழற்றியபோது எல்லோரும் நின்று பார்த்தோம் என்று இரண்டு வரி எழுதியிருந்தாள். வேறொன்றும் எழுதவில்லை. நான் பதில் மட்டையில் வாழ்த்து மட்டும் எழுதினேன்.

கேக் வெட்டிய வெள்ளிக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், ரெலிபோன் நிலையத்தை அழைத்து அமெரிக்காவுக்கு ஒரு கோல் பதிவு செய்தேன். அங்கே அப்போது சனிக்கிழமை மாலை. எஸ்தரே எடுத்தாள். குரல் தேய்ந்திருந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகு கேட்ட குரல், ஆனால் அந்தச் சிரிப்பைக் காணவில்லை. நான் சுகம் விசாரிக்காமலே, உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று தொடங்கினேன். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை எனக்குக் கேட்டபடி எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"தெரியும்" என்றாள். "உன்ர புதுப் பேப்பரை ரைப் பண்ணினது நான்தான்."

தலைமை அலுவலகத்தில் எங்கள் பழைய மாணவர்களின் புள்ளிகள் ஏது? எல்லா விண்ணப்பங்களையும் கல்லூரி அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மனுவை எழுதி ஊர் ஊராக அனுப்பிய எஸ்தரைத்தான் அந்த மேசையில் இருத்தி, புதிய பெயரில் ஒவ்வொன்றாக அடிக்க விட்டிருக்கிறார்கள். அவள் தொடர்ந்தாள்.

"கனபேரின்ர பேப்பரை அடிச்சனான். ரீச்சர்மார், நேர்ஸ்மார். ஒருத்தரையும் குறை சொல்லேல்லை, அவையளுக்கு இஞ்ச வேலை வேணும். உன்ரய மட்டும் வராது எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான். நீ வெளிநாட்டில நல்லாய் இருக்கிறாய், அங்க உன்னை ஆர் நெருக்கப் போகினம் எண்டு."

டண்டினொங் பட்டியைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். முழங்கால், இவரின் வேலை, தக்காளி மணம் எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தன. ஒரு கடிதத்திலும் எழுதாததை, எல்லாம் முடிந்த பிறகு ரெலிபோனில் எங்கிருந்து தொடங்குவது? எஸ்தர் கோபிக்கவில்லை. ஒரு வார்த்தை ஏசியிருந்தால் நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருப்பேன். அவளோ, வதனி எப்படி இருக்கிறாள், வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தாள்.

எல்லோரும் நன்றாக இருக்கிறோம் என்றேன்.